பெரிய எழுத்தில் ஒரு செய்தி

காலை வெயில் ஜன்னல் கம்பிகளின் வழியே மேஜைமேல் கோடுகோடாக விழுகிறது. பக்கவாதத்தால் மூன்று மாதமாகப் பேச்சிழந்திருக்கும் சகாயநாதன் பேச்சுப் பயிற்சி அறையில் உட்கார்ந்திருக்கிறார். பூனை, பந்து என்று எழுதிய அட்டைகளைப் போன வாரம் கீழே தள்ளிவிட்டவர். அதனால் பயிற்சியாளர் ஹேமலதா இன்று அவருடைய போனில் இருந்த செய்திகளையே பெரிய எழுத்தில் அச்செடுத்து வைத்திருக்கிறாள். போனைக் கொடுத்தவள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகள் லினெட். மேஜைமேல் வந்த அடுத்த தாளைப் பார்த்ததும் அவள் முகம் வெளுக்கிறது. அவர் விழுந்த அன்று காலை, சண்டை போட்டுக்கொண்டு அரியாங்குப்பத்து வீட்டைவிட்டுக் கிளம்பியவள் பஸ்ஸிலிருந்து அனுப்பியது அது. அப்பா அதைப் பார்த்தாரா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

“மேடம், இது வேணாம். எடுத்துடுங்க” என்று கை நீட்டுகிறாள். சகாயநாதனின் இடது கை தாளின்மேல் அழுந்துகிறது. “அவசரமில்ல சார், மெதுவா” என்கிறாள் ஹேமலதா. அவருடைய விரல் முதல் சொல்லில் நிற்கிறது. உதடு கோணுகிறது. “அ... அப்பா.” கழுத்து நரம்பு புடைக்கிறது. “என்... மே... மேல.” லினெட் துப்பட்டா நுனியை இறுக்கிச் சுருட்டுகிறாள். வெளியே ஓர் ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. கடைசிச் சொல்லில் அவர் நாக்கு திரும்பத் திரும்பத் தடுக்குகிறது. “கோ... கோ... கோவமா?”

ஹேமலதா தாளை எடுக்கப் போகிறாள். அவர் கையைத் தூக்கவில்லை. நிமிர்ந்து மகளைப் பார்க்கிறார். வாய் திறந்து திறந்து மூடுகிறது. தாளில் எழுதியிராத ஒரு சொல் வருகிறது.

“இல்லம்மா.”