மாலரி என்றால்

“எழுத்துப்பிழைன்னா நானே திருத்திடுவேன் சார். இது பொய்!”

அச்சுக்குப் போகவிருந்த பக்கத்தை ஆசிரியர் மேசையில் வைத்தான் புரூஃப் ரீடர். குழந்தை வளர்ப்புப் பத்திரிகை அது. பக்கத்தின் தலைப்பு, ‘இந்த மாதப் பெயர்: மாலரி.’

அதை எழுதியவர் எதிரே நின்றிருந்தார். பதினாறு வருடமாகப் பெயர்களைப் பற்றியே எழுதி எழுதி, அலுவலகத்தில் அவருக்கே ‘பேரக்கா’ என்று பேர் வந்துவிட்டது.

“மத்ததெல்லாம் சரி சார். பிரெஞ்சுக் குடும்பப் பேர், சரி. கடல் தாண்டி இங்கிலாந்து போனது, சரி. ஒரு டி.வி. தொடர்ல வந்த பொண்ணால அந்தப் பேர் பரவினது, அதுவும் சரி. ஆனா பொருள் ‘பாக்கியசாலி’ன்னு போட்டிருக்காங்க. நாலு அகராதி புரட்டிட்டேன். துர்பாக்கியசாலி! ராசியில்லாத எவனுக்கோ ஊரார் வெச்ச பட்டப்பேர் சார் அது.”

“‘துர்’ விட்டுப் போச்சா?” ஆசிரியர் கேட்டார்.

“விட்டுப் போகலை,” என்றார் பேரக்கா. “நான்தான் விட்டேன்.”

“ஏன்?”

“சொல்ல முடியாது சார். இந்த ஒரு தடவை அப்படியே போகட்டும்.”

ஆசிரியருக்குச் சுருக்கென்றது. “உங்க பகுதியைப் பார்த்துப் பிள்ளைங்களுக்குப் பேர் வைக்கிறவங்க எத்தனை பேர்! தெரிஞ்சே தப்பைப் போடச் சொல்றீங்களா?”

“அப்போ வேற பேர் போட்டுடலாம். இப்பவே உட்கார்ந்து எழுதித் தர்றேன்.”

“அட்டையில மாலரின்னு அச்சாகியே ஆச்சும்மா. தம்பி, நீ திருத்துப்பா.”

புரூஃப் ரீடர் அங்கேயே பேனாவைத் திறந்தான். இரண்டே எழுத்து. பேரக்கா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தன் இருக்கைக்குப் போய், கண்ணாடிக் கூட்டையும் டிபன் பாக்ஸையும் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும்.

“கையும் களவுமா பிடிச்சிட்டியேய்யா!” என்று லே-அவுட் ஆட்கள் முதுகில் தட்டினார்கள். அவனுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

இதழ் வெளிவந்து பத்து நாள் இருக்கும். மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். வரவேற்பறையில் ஒருவர் நின்றிருந்தார். நாலைந்து நாள் தாடி. கையில் அந்த இதழ்.

“பேருங்களைப் பத்தி எழுதுற அம்மா இருக்காங்களா?”

“வேலையை விட்டுட்டாங்க. என்ன விஷயம்?” என்றான் புரூஃப் ரீடர்.

“விட்டுட்டாங்களா?” அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “என்னாலதான் இருக்கும். என் பொண்ணு பேரும் மாலரிதான் தம்பி.”

அவன் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“ஒன்பது வயசு. ரத்தத்துல நோய். ஏழு மாசமா ஆஸ்பத்திரிதான் வீடு. பக்கத்துப் படுக்கைக்கு வந்த யாரோ போன்ல தேடி, உன் பேருக்கு இதுதான் அர்த்தம்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. ‘அதனாலதான் எனக்கு இப்படி ஆச்சாப்பா?’ன்னு கேட்டா. போன்ல வர்றதெல்லாம் பொய்டா, புத்தகத்துல வந்தாத்தான் நிஜம்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ‘அப்போ புத்தகத்துல காட்டு’ன்னுட்டா.”

புரூஃப் ரீடர் அவர் கையிலிருந்த இதழைப் பார்த்தான்.

“அந்தம்மாவுக்குப் போன் பண்ணினேன். என் பொண்ணு இப்படிக் கேக்குறான்னு சொன்னேன். அப்புறம், ‘அடுத்த இதழ்ல வரும், குழந்தைகிட்ட சொல்லிடுங்க’ன்னாங்க. பேரால வந்த வினைன்னு நாலு பேர் பேசிடக் கூடாதுன்னு, யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினவன் நான்தான்.”

“புத்தகத்தை... பாப்பா பார்த்துச்சா?”

“மாத்திட்டாங்க, வாங்காதீங்கன்னு அந்தம்மா முன்னாடியே போன்ல அழுதாங்க. ஆனா இவ தினமும் வந்துச்சா, வந்துச்சான்னு கேட்டுக்கிட்டே கிடந்தா. மனசு கேக்கலை, வாங்கிட்டுப் போனேன். உள்ள பொடி எழுத்து. அவளுக்குத் தலையே நிமிரலை. நான்தான் வாசிச்சேன். அந்த ஒரு வார்த்தை வந்தப்போ மட்டும், அந்தம்மா எழுதினதை வாசிச்சேன். ‘பார்த்தீங்களா?’ங்கிற மாதிரி பக்கத்துப் படுக்கையைப் பார்த்துச் சிரிச்சா.”

அட்டையைக் கையால் ஒருமுறை நீவினார்.

“முந்தாநாள் காலையில போயிட்டா.”

வெளியே படியில் பேச்சுச் சத்தம். ஆட்கள் சாப்பிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்தார்.

“நான் கூப்பிட்டா அந்தம்மா போனை எடுக்கிறதே இல்லை. உள்ளுக்குள்ளயே போட்டுப் புழுங்குறாங்க போல. அவங்க சொன்னது சொன்னபடி என் பொண்ணு காதுல விழுந்துடுச்சுன்னு மட்டும் யாராவது சொல்லிடுங்க தம்பி. அதுக்குத்தான் வந்தேன்.”

மாற்றியது யார் என்று அவர் கேட்கவே இல்லை.

அன்று சாயங்காலமே பேரக்காவின் வீட்டைத் தேடிப் போனான் புரூஃப் ரீடர். பாதிக் கதவைத் திறந்து பார்த்தவர், ‘வா’ என்று சொல்லவில்லை. அவன் வாசலில் நின்றபடியே சொன்னான். அப்பா வந்ததை, வாசித்ததை, குழந்தை சிரித்ததை. அதோடு நின்றுவிட்டான்.

“சிரிச்சாளா? நிஜமாவா?” கதவு முழுசாகத் திறந்தது. பேரக்காவின் கண் நிறைந்திருந்தது. “உள்ள வாப்பா. இப்போ எப்படியிருக்கா அவ?”

அவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“நல்லா இருக்காக்கா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.”