கை எட்டாத இடம்

செங்காங் அடுக்குமாடி வீடு ஒன்றின் சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் மெஷின் மேல் மாலை வெயில் படிந்திருக்கிறது. அந்த வெயிலில் சிரங்குக் களிம்பு ஒன்று கிடக்கிறது. கையில் கொடுக்காமல் வீட்டுக்காரி சிவதர்ஷினி அங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று டாக்டர் சொல்லவில்லை. வீட்டிலும் யாரும் கேட்கவில்லை, முடிவு செய்துவிட்டார்கள். வீட்டு வேலைக்கு வந்திருக்கும் கனகவல்லி கதவைச் சாத்திக்கொண்டு கழுத்திலிருந்து பூசத் தொடங்குகிறாள். சொறிந்து சொறிந்து புண்ணான விரலிடுக்குகள் எரிகின்றன. உள்ளே சிவதர்ஷினியும் கணவனும் ஒருவர் முதுகில் ஒருவர் பூசிக்கொள்கிறார்கள். அவர்களுடைய மூன்று வயது மகள் ஆரபி, களிம்பு பட்ட கூச்சத்தில் சிரிக்கிறாள். “ஒரு எடம் விடாம போடு. கொஞ்சம் விட்டாலும் எல்லாருக்கும் திரும்ப வந்துடும்னு டாக்டர் சொன்னாங்கல்ல?” கதவுக்கு அப்பாலிருந்து சிவதர்ஷினியின் குரல். “முதுகு நடுவுல எட்டலக்கா.” கதவு திறக்கவில்லை. கீழே எல்ஆர்டி ரயில் வளைவில் கிறீச்சிட்டுப் போகிறது. “எப்படியாச்சும் ட்ரை பண்ணு லா.” செருப்புச் சத்தம் விலகுகிறது. கனகவல்லி பிளாஸ்டிக் ஹேங்கரின் நுனியில் களிம்பைத் தடவித் தோளுக்குப் பின்னால் நீட்டுகிறாள். களிம்பு இடுப்பில் வழிந்து தரையில் சொட்டுகிறது. இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் காய்ந்தே இருக்கிறது, அரிக்கிறது. தினமும் காலையில் “யானை, யானை” என்று அவள் முதுகில் தொற்றிக்கொள்ளும் ஆரபி, கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வது அந்த இடத்தில்தான்.