ஈர வட்டங்கள்

காப்பிக்கடை ஜன்னலுக்கு வெளியே, எங்கள் ஊர் வழக்கப்படி, பனியில் நான்கு தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குள் கம்பளிப் பொதிகளாகக் குழந்தைகள் தூங்குகின்றன. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் எதிரே என் கடைசித் தங்கை சிக்னே. போன மாதம்தான் பெற்றாள். மேஜைமேல் அவள் போன் அதிர்கிறது. பால் கொடுக்கும் தாய்மார்களுக்குத் தினமும் செய்தி அனுப்புகிற செவிலி ஓட்னியம்மாதான்: 'இன்னிக்கு எப்படிம்மா இருக்கு?' நான் என் மகனுக்குப் பால் கொடுத்த காலத்திலும் இதே ஓட்னியம்மா, இதே கேள்வி. அப்போது பட்டன் போன். அதன் பச்சை வெளிச்சத்தில் அந்த எழுத்துகள் வந்து நின்றால் யாரோ தோளைத் தொட்ட மாதிரி இருக்கும். சிக்னே வேகமாகப் பதில் தட்டி எனக்குக் காட்டுகிறாள்: 'பால் இல்ல. இன்னையோட நிறுத்திடறேன்.'

"அனுப்பிடவாக்கா?"

"உன் இஷ்டம்டி. அவங்க திட்ட மாட்டாங்க. என்னை ஒருநாளும் திட்டினதில்ல."

வெளியே இரண்டாவது வண்டியிலிருந்து அவள் குழந்தையின் மெல்லிய அழுகை கிளம்புகிறது. சிக்னேயின் விரல் அந்தரத்தில் நிற்கிறது. அவளுடைய சாம்பல் நிறச் சட்டையின் மார்பில் இரண்டு ஈர வட்டங்கள் மெல்லப் பரவுகின்றன. குனிந்து பார்க்கிறாள்.

"அய்யோ, இருக்குக்கா!"

செய்தியை அனுப்பாமலே போனைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறாள். திறந்த கதவு வழியாகக் குளிரும் அழுகையும் சேர்ந்து உள்ளே வருகின்றன. என் கை தன்னால் எழுந்து என் மார்பை அழுத்திப் பிடித்திருக்கிறது. என் மகன் கப்பல் வேலைக்குப் போய் இரண்டு வருஷமாகிறது.