திருகாணி நாட்டின் கொடி

விண்வெளியில் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒருவரின் கையிலிருந்து ஒரு திருகாணி நழுவியது. தேடி யாரும் வரவில்லை. பூமியைத் தனியாகச் சுற்றத் தொடங்கிய அது, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அது, "இன்றுமுதல் நான் தனி நாடு" என்று அறிவித்தது.

பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த கிழட்டுச் செயற்கைக்கோளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நிலம் எங்கே தம்பி?"

"என் தலை இருக்கிறதே அண்ணே. நல்ல சமவெளி. நடுவில் ஒரு பள்ளத்தாக்கு."

"ஜனங்கள்?"

"வருவார்கள். கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்."

"கொடி?"

திருகாணி தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றித் தேடிப் பார்த்தது; கொடி என்று எதுவும் இல்லை. செயற்கைக்கோளுக்கு மனசு கேட்கவில்லை. தன் மேலுறையிலிருந்து உரிந்து தொங்கிய தங்கநிறத் தாள் துணுக்கு ஒன்றை உதறிவிட்டது. அது திருகாணியின் தலையை ஒட்டிய மரைச் சுருளில் சிக்கி மினுங்கியது.

"இப்போது பார்த்தால் நாடு மாதிரிதான் இருக்கிறாய்" என்றது செயற்கைக்கோள்.

நாளாக நாளாகச் செயற்கைக்கோள் கீழே இறங்கிக்கொண்டே போனது. எரிந்துபோகும் உயரம் நெருங்கியபோது கூப்பிட்டது.

"தம்பி, என்னை அனுப்பியவர்கள் என்னோடு பேசுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. அநாதையாக விழ மனமில்லை. உன் நாட்டில் எனக்கு இடம் உண்டா?"

"கொடி கொடுத்த அன்றைக்கே உங்களைச் சேர்த்தாயிற்று அண்ணே. சொல்லத்தான் கூச்சமாக இருந்தது."

செயற்கைக்கோள் நிம்மதியாக ஒரு நெருப்புக்கோடாகி மறைந்தது.

திருகாணி மெல்லச் சுழன்றது. சுழலச் சுழலத் தங்கக் கொடி மரைவழியே இறங்கி வந்து, அரைக்கம்பத்தில் நின்றது.