கட்டினவன் ஏறாத சாரம்

"யோவ்! எறங்குய்யா கீழ!"

ஹயாத் பாஷா போட்ட சத்தத்தில் அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

சாரத்தின் மேல் நின்றது கொத்தனார் இல்லை, சித்தாள் இல்லை. பாதுகாப்பு அதிகாரி கஸ்தூரிரங்கன். மேஸ்திரிகளுக்குப் பயிற்சி கொடுப்பதற்கென்றே கம்பெனி மெட்ராஸிலிருந்து அனுப்பிவைத்த மனிதர்.

"யாரைப் பாத்துய்யா யோவ்ங்கறே?"

"உங்களத்தான் சார். எறங்குங்க மொதல்ல. அப்பறமா திட்டுங்க."

இறங்கினார். முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

அது எழுபத்துநாலாம் வருஷம். மாமல்லபுரத்தில் கடலை ஒட்டி ஒரு விடுதி எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே பன்னிரண்டு மேஸ்திரிகளுக்கு மூன்று நாள் வகுப்பு. இடுப்பில் கயிறு கட்டாமல் ஆளை ஏற்றாதே, மேலே வேலை நடக்கும்போது கீழே யாரையும் நிறுத்தாதே என்று நல்ல விஷயங்களைத்தான் கஸ்தூரிரங்கன் சொல்லிக்கொடுத்தார். தேறுகிறவர்களுக்குக் கம்பெனியில் நிரந்தர சூபர்வைசர் வேலை. மற்றவர்கள் இந்தக் கட்டடம் முடிந்ததும் அடுத்த கட்டடம் தேடிப் போகவேண்டியதுதான்.

பாஷாவுக்கு நாற்பத்தெட்டு வயது. இனிமேல் ஊர் ஊராக அலைய உடம்பில் தெம்பில்லை. திருப்போரூரில் அவர் மனைவி பதருன்னிசாவோ, வேலை கிடைத்தே விட்டதாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

கடைசி நாளான இன்று, பலகையில் எப்படி நிற்பது என்று காட்டுகிறேன் பேர்வழி என்று அதிகாரி பூட்ஸ் காலோடு ஏறியபோதுதான் இந்தக் கூத்து.

"என்ன காரணம், சொல்லு!"

"சாரம் கட்டுனவன் மொதல்ல ஏறி மூணு தபா குதிச்சுக் காட்டணும் சார். அப்பறம்தான் மத்தவங்க ஏறணும். எங்க வழக்கம் அது. இத்த சம்பத்து கட்டினான். அவன் ஏறி நான் பாக்கல. நாஸ்தா துன்னப் போய்கீறான்."

"வழக்கமாம், வழக்கம்! எனக்கே பாடம் நடத்தறியா?"

விறுவிறுவென்று தகரக் கொட்டகைக்குள் போய், மார்க் போடும் நோட்டைப் பிரித்து ஏதோ எழுதினார்.

சக மேஸ்திரி ராஜேந்திரன் தலையில் அடித்துக்கொண்டான்.

"இன்னா பாய், பைத்தியமா உனுக்கு? சம்பத்து ஏறலன்னு எனுக்குந்தான் தெரியும். வாயத் தொறந்தனா? பெரிய அதிகாரி, ஏறுனா ஏறிட்டுப் போறாரு!"

"உழுந்திருந்தா?"

"உழலியே! வேல போனது உனுக்குத்தான்."

பதருன்னிசாவிடம் என்ன சொல்வது என்ற கவலை பாஷாவைப் பிடித்துக்கொண்டது.

சம்பத் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான். மேலே ஏறினான். சவுக்குக் கம்பை ஒரு கையால் பிடித்தபடி, பலகையின் அந்தக் கோடியில் ஒரு காலை வைத்து அழுத்தினான். இந்தக் கோடி சடக்கென்று தூக்கிக்கொண்டது.

"அய்யய்யோ! இந்தப் பக்கம் முடிச்சே போடலியே! பாதியில எழுந்து போயிட்டேனே!"

பதினைந்து அடி உயரம். கீழே கருங்கல் ஜல்லி. அதிகாரி இன்னும் ஓர் அடி நகர்ந்திருந்தால் ஜல்லியில் கிடந்திருப்பார்.

கொட்டகை வாசலில் நின்று அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மறுபடி உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்துக் கனைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"எல்லாரும் இங்க வாங்கோ. நான் வேணும்னேதான் ஏறினேன். அதிகாரியே தப்புப் பண்ணினா எவன் தட்டிக் கேக்கறான்னு பாக்கணும் இல்லையா? அதுதான் கடைசிப் பரீட்சை. அதுல தேறினது ஹயாத் பாஷா ஒருத்தர்தான்!"

கைதட்டல் எழுந்தது. ராஜேந்திரன் வாயைப் பிளந்தான். "உசிரப் பணயம் வச்சுல்ல பரீட்ச வச்சிருக்காரு! மனுசன்னா இவரு மனுசன்!"

பாஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அல்லா உங்கள நல்லா வைக்கணும் சார்."

"போய் நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு வா."

கொட்டகைக்குள் நோட்டு விரித்தபடியே கிடந்தது. தன் பெயரைக் கண்டுபிடித்தார் பாஷா. அதற்கு நேராக, 'தகுதியில்லை. திமிர் பிடித்தவன்' என்று எழுதி, அதன் மேல் இரண்டு கோடு கிழித்திருந்தது. பக்கத்தில் 'தேர்ச்சி'. அந்தக் கோட்டிலும் அந்த ஒரு வார்த்தையிலும் மட்டும் மை இன்னும் காயவில்லை.

கோபம்தான் வந்தது. பிறகு கையெழுத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

சம்பத் ஓரமாக இழுத்தான்.

"அண்ணாத்த, அவரு நெஜமாவே தெரிஞ்சுதான் ஏறினாரா? முடிச்சு போடலன்னு எனுக்கே நெனப்பு இல்லியே!"

சொன்னது ராஜேந்திரன் காதிலும் விழுந்தது. மூன்று நாளாக, "கயிறு கட்டிக்கினு ஏற நான் இன்னா கொரங்கா?" என்று வகுப்பையே கேலி செய்துகொண்டிருந்தவன், இப்போது முதல் தடவையாகத் தானே கயிற்றை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றிய கை நின்றது. பாஷாவின் முகத்தையே பார்த்தான்.

"தெரியாமயா ஏறுவாரு?" என்றார் ஹயாத் பாஷா. "ஏறசொல்ல ஒவ்வொரு முடிச்சா தொட்டுத் தொட்டுப் பாத்துட்டுத்தான ஏறினாரு. நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

ராஜேந்திரன் கயிற்றை இறுக்கிக் கட்டினான். சாரத்தின் முதல் முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறினான்.