ஸ்ட்ரவுட் வீட்டு ஓட்டுகள்

டெல்மர் ஸ்ட்ரவுட் வீட்டு வாசலில் கிராண்டலுக்கு ஓட்டுக் கேட்கும் பலகை நட்டிருந்தது.

ரோவீனா காரை நிறுத்தச் சொன்னாள்.

அவள் வக்கீல். எட்டு வருடமாக மாநிலச் சட்டமன்றத்திலும் இருக்கிறாள். இப்போது அதை விட்டுவிட்டு, சொந்த மாவட்டமான இந்தக் கவுண்டியின் அரசு வழக்கறிஞர் பதவிக்கு நிற்கிறாள். அந்த நாற்காலியில் இப்போது இருக்கும் பாய்ட் கிராண்டல்தான் எதிராளி. செவ்வாய்க்கிழமை தேர்தல். இழுபறி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

கார் ஓட்டிவந்த நாத்தனார் ஜேனல் சிரித்தாள்.

"போன மாசம் மான்கறி கொண்டாந்து குடுத்தவரு வீடுதானே இது? நல்லாத்தான் நன்றி காட்டியிருக்காரு."

டெல்மரின் மகன் வேட், மூடிக்கிடந்த சுரங்கத்தில் செம்புக் கம்பியை அறுத்து விற்று மாட்டிக்கொண்டவன். அவனை உள்ளே தள்ளியவன் கிராண்டல். ஜாமீனில் வெளியே கொண்டுவந்தவள் ரோவீனா. ஜனவரியில் விசாரணை. தன் பிள்ளையை ஜெயிலுக்கு அனுப்பத் துடிக்கிறவனுக்கு எந்த அப்பன் பலகை நடுவான்?

விட்டுத்தொலை, அடுத்த வீட்டுக்குப் போகலாம் என்றாள் ஜேனல். ரோவீனா இறங்கினாள்.

டெல்மர் படியில் உட்கார்ந்து பூட்ஸில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து தொப்பியைக் கழற்றினார். காபி குடிக்கிறீர்களா என்றார். வேண்டாம் என்றாள்.

கிராண்டல் மிரட்டினானா என்று கேட்டாள். இல்லை என்றார். காசு ஏதாவது கொடுத்தானா என்றாள். அவர் முகம் சுருங்கியது. தானே கட்சி ஆபீசுக்குப் போய்க் கேட்டு வாங்கிவந்த பலகை என்றார்.

பிறகு அவர் ஒன்று கேட்டார். அவள் ஜெயித்துவிட்டால் வேட்டுக்காக யார் வாதாடுவது?

அரசு வழக்கறிஞர் ஆனபிறகு அவள் வாதாட முடியாது. அதே சமயம் அவனுக்கு எதிராகவும் நிற்கமாட்டாள். பக்கத்துக் கவுண்டியின் அரசு வழக்கறிஞர் வந்து அரசுத் தரப்பில் வழக்கை நடத்துவார், நியாயமாகத்தான் நடக்கும் என்று விளக்கினாள்.

அது அந்தப் பக்கம், எங்கள் பக்கம் யார் என்றார்.

கோர்ட் யாரையாவது நியமிக்கும் என்றாள்.

அந்த யாராவது விசாரணை அன்று காலையில்தான் வேட்டின் பெயரையே படிப்பான். அவளுக்கு அது தெரியும். இந்தக் கவுண்டியில் இப்படிப்பட்டவர்களுக்காக மெனக்கெட்டு நிற்க அவளை விட்டால் ஆள் கிடையாது. அதில் அலுத்துப்போய்த்தான் தேர்தலில் நின்றாள். எந்த மேடையிலும் அவள் அதைச் சொன்னதில்லை.

டெல்மர் இருமி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"கிராண்டல் வந்தா வரட்டும், அவன நீங்க பாத்துக்குவீங்க. எங்க வீட்டுல அஞ்சு ஓட்டு. அஞ்சும் அவனுக்குத்தான்" என்றார். "தயவுபண்ணி தோத்துடுங்க, வக்கீலம்மா."