முழங்கால் தண்ணீர்

காலையிலிருந்து காதைத் துளைத்துக்கொண்டிருந்த பெட்ரோல் இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

கிணற்றுக்குள் தம்பி இருந்தான். பதினைந்தடி ஆழம். காலையில்தான் ஊற்றுக்கண் திறந்திருந்தது. இன்ஜின் ஓடி நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் உள்ளே ஆள் நிற்க முடியும்.

மேலே அக்கா மட்டும். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

அவள் விளிம்பை நோக்கி ஓடினாள்.

"கிட்ட வராதக்கா, மண்ணு சரியுது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

தண்ணீர் எவ்வளவு என்று கேட்டாள். முழங்கால் அளவுதான் என்றான். அப்படியானால் ஏறி வாடா என்றாள். ஏணி சேற்றில் ஆடுகிறது, முதலில் இன்ஜினைக் கிளப்பு, நான் சொல்லச் சொல்லச் செய் என்றான்.

அந்த இன்ஜினை அவன் யாரையும் தொட விட்டதில்லை. பெற்ற பிள்ளையைப் போலத் துடைத்துத் துடைத்து வைப்பான். இன்று அவனே தொடச் சொல்கிறான். அவள் இன்ஜினைக் கிளப்பும் கயிற்றைப் பிடித்தாள்.

கயிற்றை இழுத்தாள். தொட்டிலா ஆட்டுகிறாய், சுண்டி இழு என்று கேலி செய்தான். சுண்டி இழுத்தாள். இன்ஜின் முனகியதோடு சரி. ஏழெட்டு இழுப்பில் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது.

பிளக்கைக் கழற்று என்றான். கழற்றினாள். சொதசொதவென்று நனைந்திருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்தாள். பொறி வருகிறதா என்று பார்க்க, அதை ஒயரில் மாட்டி, இன்ஜின் இரும்பில் ஓரமாக வைத்துக்கொண்டு இழுக்கச் சொன்னான். இழுத்தாள்.

பொறி வரவில்லை.

பக்கத்து வீட்டில் யாரையாவது கூட்டிவருகிறேன் என்று எழுந்தாள். போகாதே என்றான். இரண்டு முறை சொன்னான்.

பேச ஆரம்பித்தால் வாய் ஓயாதவன் அவன். இப்போது பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. தனக்குக் கை ஓடவில்லை என்று எரிச்சல்படுகிறான் என்றே நினைத்தாள். அந்த நேரத்திலும் அவளுக்குச் சுருக்கென்றது.

"சாய்வா?" என்று கேட்டான்.

எது என்றாள். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தாள்.

மண் இறங்கியதில் இன்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. சாய்ந்தால் ஆயில் ஓரமாக ஒதுங்கிவிடும், ஆயில் இல்லையென்று நினைத்து இது பொறியை நிறுத்திக்கொள்ளும், அவ்வளவு புத்திசாலி என்று வாங்கிய புதிதில் வீடு முழுக்கப் பெருமையடித்திருந்தான்.

தோளைக் கொடுத்துத் தூக்கி, அடியில் இரண்டு செங்கற்களைச் செருகினாள். இழுத்தாள். பிளக் முனையில் நீலமாக ஒரு பொறி.

வந்துவிட்டது என்று கத்தினாள். கீழேயிருந்து சத்தமே இல்லை.

பிளக்கைத் துளையில் வைத்துத் திருகினாள். கயிற்றை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். கரும்புகையைக் கக்கிக்கொண்டு இன்ஜின் பிடித்தது. குழாய் துள்ளிக் குதித்து, செம்மண் நீரைப் பீய்ச்சியது.

இனி யார் சொன்னாலும் கேட்பதாயில்லை. வயிற்றால் ஊர்ந்து விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

அண்ணாந்த முகம் ஒன்றுதான் தெரிந்தது. அதிலும் மூக்கும் கண்களும் மட்டும். வாய் தண்ணீருக்குள் இருந்தது.

நீர் இறங்க இறங்க வாய் வந்தது, கழுத்து வந்தது, மார்பு வந்தது. அவன் நகரவில்லை. இன்ஜினைச் சாய்த்த அதே சரிவு ஒரு பாறாங்கல்லையும் உருட்டிவிட்டிருந்தது. அது அவன் கணுக்காலின் மேல் உட்கார்ந்திருந்தது.

கடப்பாரையைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். அவனே நெம்பிக் காலை உருவிக்கொண்டான். ஏணியைப் பிடித்து ஒற்றைக் காலால் ஏறி வந்தான். ஏணி ஆடவே இல்லை.

மண்ணில் மல்லாந்து கிடந்து வெகுநேரம் இருமினான். அவள் அடிக்கக் கையை ஓங்கினாள். ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டாள்.

"சொல்லியிருந்தா உனக்குக் கை நடுங்கியிருக்கும்க்கா. நடுங்குற கையில பிளக் ஏறாது."

ஓங்கிய கை இறங்கவில்லை. அங்கேயே நின்று நடுங்க ஆரம்பித்தது.